கப்பலில் பிறந்தவர்கள்

விஞ்ஞானக் கதை ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் இருவர் முகம் சுளித்தார்கள். நம் வட்டத்தில் விஞ்ஞானக் கதை என்றால் சுஜாதா. சுஜாதா என்றால் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று 1980-களிலேயே தீர்ப்பெழுதிக் கட்டை மூடி வைத்தாகிவிட்டது. தீர்ப்பு சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. ஓர் எழுத்தாளரை ஒதுக்குகிற சாக்கில் ஓர் எழுத்து வகையையே ஒதுக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். பிரமிள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைத் தலைப்பாக்கிக் கவிதை எழுதினார். அதை மெச்சிய நாம் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எடுத்துக்கொண்ட நாவல் கிம் ஸ்டான்லி ராபின்ஸன் 2015-இல் வெளியிட்ட ‘அரோரா’. நாவலைப் பற்றி என்பதைவிட, அதைப் படித்தவர்கள் சொன்னதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஒரு படைப்பின் மேல் வாசகனுக்கு வரும் கோபம் படைப்பை எவ்வளவு காட்டுகிறதோ தெரியாது. வாசகன் எந்த இடத்தில் உட்கார்ந்து படித்தான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கதை இது. சுமார் 12 ஒளியாண்டு தூரத்திலுள்ள டாவ் செட்டி என்ற நட்சத்திரத்துக்கு ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே இரண்டாயிரத்துச் சொச்சம் மனிதர்கள். இரண்டு பெரிய வளையங்கள், வளையத்துக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு நிலப்பகுதிகள். காடு, புல்வெளி, பனி, வயல் என்று பூமியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள். பயணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். புறப்பட்டவர்கள் யாரும் உயிரோடில்லை. நாம் பார்க்கும் ஆட்கள் எல்லாம் கப்பலில் பிறந்தவர்கள், கப்பலில் பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்கள். தேவி என்ற பெண்தான் பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும் நடைமுறையில் தலைமைப் பொறியாளர். (பெயரைப் பார்த்து நாம் பூரித்துப்போக வேண்டியதில்லை. அவள் நம் ஊர்க்காரி அல்ல, எந்த ஊர்க்காரியும் அல்ல. விஷயமே அதுதான்.) அவள் வாழ்நாள் முழுக்க ஓட்டை அடைக்கிறாள். பெரிய ஓட்டைகள் அல்ல. பாஸ்பரஸ் எங்கோ போய் ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகிறது, பாக்டீரியா மனிதனைவிட வேகமாக மாறிக்கொண்டே இருக்கிறது, உப்பு சேரக்கூடாத இடத்தில் சேர்கிறது. மூடிய பாத்திரத்தில் கணக்கு நேராவதே இல்லை. இதனால் பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டும். கரை தட்டும் தறுவாயில் தேவி செத்துப்போகிறாள்.

சேர்ந்த இடம் உயிரற்றது என்று நினைத்த ஒரு துணைக்கோள். அதற்குத்தான் அரோரா என்று பெயர். அங்கே இறங்கியவர்களைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பற்றிக் கொல்கிறது. தப்பிக் கப்பலுக்கு வர முயன்றவர்களைக் கப்பலில் இருப்பவர்களே பயத்தில் கொல்கிறார்கள். வேறொரு கோளில் தங்கிப் பார்ப்பது என்று ஒரு கட்சி, பூமிக்கே திரும்புவது என்று ஒரு கட்சி. அடிதடியாகிக் கடைசியில் இரண்டாகப் பிரிகிறார்கள். தேவியின் மகள் ஃப்ரேயா திரும்புகிறவர்களோடு. பாட்டன் முப்பாட்டன் விட்டுவந்த, தாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு.

இத்தனையும் சொல்வது கப்பலை ஓட்டும் கணினி. பயணத்தைக் கதையாகச் சொல் என்று தேவி அதற்கு உத்தரவிடுகிறாள். அதற்கு வரும் முதல் சிக்கல் நமக்குத் தெரிந்ததுதான்: எதைச் சொல்வது, எதை விடுவது? பிறகு உவமை. ஒன்றை இன்னொன்று போல என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது என்று அது பக்கம் பக்கமாகத் திணறுகிறது. நம் புதுக்கவிதைக்காரர்கள் பலருக்கு இந்தத் திணறல் ஒரு நாளாவது வந்திருந்தால் நல்லது. நாவலின் உருவ வெற்றி முழுக்க இந்தக் குரலில்தான் இருக்கிறது. கப்பல் மெல்ல மெல்ல மொழி கற்கிறது. மொழி கற்கக் கற்க அதற்கு மனிதர்கள் மேல் அக்கறை வருகிறது. மனிதர்களைப் பூமியில் இறக்கிவிட்டு, தன் வேகத்தைக் கடைசியாக ஒரு தடவை தணிக்கச் சூரியனை நெருங்குகையில் அது எரிந்துபோகிறது.

இனி வாசகர்கள். ராபின்ஸன் 1990-களில் செவ்வாய்க் கோளில் மனிதர்கள் குடியேறுவதைப் பற்றி மூன்று பெரிய நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். குடியேற்றக் கனவுக்கு அவரைவிடப் பொறுமையாகச் செங்கல் அடுக்கியவர் இல்லை. அவரே வந்து ‘நட்சத்திரங்களுக்குப் போக முடியாது, போனால் பிள்ளைகள்தான் சாவார்கள்’ என்றதும் அந்த வாசகர்களுக்குக் கோவில் பூசாரியே சிலையைப் புரட்டியது போல் ஆகிவிட்டது. இயற்பியல்காரரும் இதே வகைக் கதைகள் எழுதுபவருமான கிரகரி பென்ஃபோர்ட் கடுமையாக எழுதினார். முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு வாகாக மனிதர்களை அசடர்களாகவும் ஏற்பாடுகளை ஓட்டையாகவும் நாவல் அமைத்துக்கொண்டது என்பது அவர் தரப்பு. ராபின்ஸனும் சும்மா இருக்கவில்லை. தலைமுறைக் கப்பல்கள் மூழ்கத்தான் மூழ்கும் என்று அதே ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். நாவலாசிரியன் தன் நாவலுக்கு வக்கீலாவது எனக்குப் பிடிக்காத காரியம். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாவலைக் கையிலெடுப்பவன் நாவலைத் தவறவிடுவான்.

பென்ஃபோர்டின் கணக்குகளைச் சரிபார்க்க எனக்குத் தகுதி இல்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் வட்டிக் கணக்கு பார்க்கிறவன் நான். ஆனால் இந்தச் சண்டை முழுக்க ஒரே கேள்வியில் நடக்கிறது என்பதைப் பார்க்க முடிகிறது: அனுப்பலாமா, கூடாதா? முடியும் என்பவரும் முடியாது என்பவரும் துறைமுகத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். அனுப்பிவைக்கிறவர்களின் கேள்வி அது.

பெரம்பலூரில் மாதம் ஒரு ஞாயிறு ஆறேழு பேர் கூடுகிறோம். புத்தகம் கைமாறிக் கைமாறி நான்கு பேர் படித்தோம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் நண்பர், இது இலக்கியமே அல்ல, பாத்திரங்களுக்கு உள்ளே ஒன்றுமில்லை என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரேயா நாவல் நெடுக நடமாடினாலும் தேவி இறந்த பிறகு அந்த அளவு ஸ்தூலமான ஒரு மனுஷி நமக்குக் கிடைப்பதில்லை. ஆனால் கப்பல் என்ற பாத்திரத்தை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஹென்றி ஜேம்ஸிடம் கற்ற அளவுகோலை எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன வியாதி.

அரியலூர் நண்பர் சிமெண்ட் ஆலையில் கெமிஸ்ட். அவர் இலக்கியம் பேசுவதே இல்லை என்பதால் அவர் பேச்சை நான் எப்போதும் கவனித்துக் கேட்பேன். அவருக்குப் பிடித்தது பாஸ்பரஸ். “இந்த ஆள் ஒரு கப்பலுக்குள்ள பத்தாம போறதப் பத்தி எழுதுறார், நம்ம காலடியில அது உருண்டை உருண்டையாக் கிடக்கு” என்றார். ஊட்டத்தூர், காரைப் பக்கத்துக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் கிடைப்பதைப் புவியியல்காரர்கள் நெடுங்காலமாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பூமி முழுக்க ஒரு காலத்தில் கடல். காரையில் மழை அரித்த மேடுகளில் நடந்தால் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் காலில் இடறும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது; 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது, வயது 12 கோடி ஆண்டு. அரியலூர் சிமெண்டே அந்தக் கடலின் சுண்ணாம்புதான். இவ்வளவு கோடி வருஷம் எடுத்துப் பூமி கட்டிய கணக்கை இருபத்துநான்கு தொட்டியில் கட்டப் பார்த்தார்கள், தோற்றார்கள், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். அமெரிக்கப் பண்டிதர்களின் விவாதத்தைவிட இது எனக்கு உவப்பாக இருந்தது.

நான் அன்று ஒரு கட்டுரையே எழுதிப் படித்தேன். அதன் வாதம் இது. மேற்கத்திய வாசகனுக்குக் குடியேற்றம் என்றால் கப்பல் தளத்தில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பது. நமக்கு அது கப்பலின் அடித்தட்டு. பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து, அதாவது இன்றைய பெரம்பலூர், அரியலூரையும் உள்ளடக்கிய நிலத்திலிருந்து, கங்காணியிடம் கடன்பட்டுக் கண்டிச்சீமைக்குப் போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. புதுமைப்பித்தன் 1930-களிலேயே ‘துன்பக்கேணி’யில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குள் நம்மைக் கூட்டிப்போனார். ‘புயலிலே ஒரு தோணி’யில் ப. சிங்காரம் கடலுக்கு அப்பால் போன தமிழனின் மனத்தில் சதா ஓடும் மதுரைத் தெருக்களைக் காட்டினார். பாண்டியன் ஊர் திரும்பாமலே சாகிறான். ஆக, திரும்பி வருவதைத் தோல்வி என்று சொல்ல நமக்கு வாய் வராது. ‘அரோரா’ தமிழனுக்குத் தோல்வியின் நாவல் அல்ல, திரும்புதலின் காவியம் என்று முடித்திருந்தேன். காவியம் என்ற சொல்லைப் போட்டதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அன்று எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

அந்தக் கட்டுரையை நான் இங்கே அச்சுக்குத் தராமல் போனதற்குக் காரணம் நான்காவது வாசகன்.

அவனை எனக்கு வங்கியில்தான் தெரியும். கல்விக்கடனுக்கு விண்ணப்பம் கொண்டுவந்தான். நல்ல மதிப்பெண், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், எல்லாம் ஒழுங்காகக் கோத்திருந்தான். முகவரி இலங்கைத் தமிழர் முகாம். விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் முதல் நிபந்தனை. தாளைத் திருப்பிக் கொடுத்தது நான். கொடுக்கும்போது, “எங்கே பிறந்தாய்?” என்று கேட்டேன். “பெரம்பலூர் ஆஸ்பத்திரியில சார்” என்றான். என்னைவிட அவனுக்குத்தான் சட்டம் தெரிந்திருந்தது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பு மட்டும் போதாது, தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அதுவும் இறுகிவிட்டது. 2019-இல் வந்த திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னான். பிறகு எப்படியோ சிநேகமாகி, சார் அண்ணாவாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான்.

அவன் குடும்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூட்டன் இந்த ஜில்லாவிலிருந்து மலைக்குப் போனவர். பாட்டியும் அம்மாவும் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1948-இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு அவர்களை எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு பார்க்கலாம். எண்ணிக்கையோடு அவர்களுடைய இயற்கைப் பெருக்கமும் சேர்த்து என்று ஒரு வாசகம் வேறு உண்டு. பிறக்காத பிள்ளைகளையும் பங்கு போட்டாயிற்று. (அரியலூர்க்காரர்களுக்கு சாஸ்திரி என்றால் 1956 மருதையாற்று ரயில் விபத்து, பொறுப்பேற்று ராஜினாமா செய்த உத்தமர். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஒரே மனிதரின் பெயர் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு விதமாக உச்சரிக்கப்படுவது எனக்கு இந்தப் பையனால்தான் தெரிந்தது.) 1977 கலவரத்தில் பாட்டி குடும்பம் மலையை விட்டு வவுனியா போயிற்று. 1990-இல் அங்கிருந்து படகில் ராமேஸ்வரம். பூட்டன் புறப்பட்ட ஊருக்கு முகாமிலிருந்து டவுன்பஸ் போகிறது.

நாவலைப் படிக்க அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. படித்துவிட்டு என் கட்டுரையையும் கேட்டுவிட்டு, அன்று கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டான்:

“அண்ணா, திரும்பி வந்து இறங்குனாங்களே, அவங்ககிட்ட யாரும் பேப்பர் கேக்கலையா?”

என்ன பேப்பர் என்றேன்.

“நீ எந்த நாடு, எதுல வந்த, யார் விட்டாங்கன்னு. ரெண்டாயிரம் பேர் போன கப்பல். போனவன் பேரன் பேத்தி வந்து நிக்குது. பூமில எந்த நாட்டுக் கணக்குல எழுதுனாங்க?”

நான் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இறங்கியவர்களைப் பலர் வெறுக்கிறார்கள், கோழைகள் என்கிறார்கள். புதிய கப்பல்கள் அனுப்பியே தீர வேண்டும் என்று மேடையில் பேசும் ஒருவனை ஃப்ரேயா அடிக்கிறாள். பூமியின் கனம், கிருமி, வெயில், மேலே மூடியே இல்லாத வானத்தைப் பார்த்து வரும் நடுக்கம், மரத்துப்போன அவள் கால்கள் எல்லாம் அணு அணுவாக வருகின்றன. உயர்ந்துவிட்ட கடல் விழுங்கிய கடற்கரைகளை மனிதர்கள் மறுபடி மணல் கொட்டி உண்டாக்கும் இடத்தில் அவள் அலையில் இறங்குவதோடு நாவல் முடிகிறது. உடம்பு பூமியால் ஏற்கப்படுகிறது. ஆனால் எந்த அரசாங்கம் அவளை ஏற்றது என்பது அங்கே ஒரு பிரச்சினையாக உருக்கொள்ளவே இல்லை. பாஸ்பரஸுக்குக் கிராம் கணக்கு பார்த்த கலைஞனுக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கும் ஒன்றாகத் தோன்றியிருக்கிறது. காற்று போல. நானும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தாளைத் திருப்பிக் கொடுத்தவனே நான்.

அவன் கேட்ட கேள்வி நாவலின் ஓர் ஓட்டையைக் காட்டியது என்பதோடு விட்டுவிடலாம். ஆனால் அவன் படித்த விதம் என் வாதத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. திரும்புதல் என்று நான் சொன்னேனே, யார் திரும்பினார்கள்? பூட்டன் போனார், பாட்டி ‘திரும்பினாள்’ என்று நாமும் அரசாங்கமும் சொல்கிறோம், அவள் ஒருநாளும் விட்டுப்போகாத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்? தாயகம் திரும்பியோர் என்ற பட்டமே தப்பு. 1969-இல் அவர்களுக்கென்று தனியாகக் கூட்டுறவு வங்கி ஒன்றை ஏற்படுத்தும் அளவுக்கு அந்தச் சொல் இங்கே உறைந்துபோயிற்று. நான் அதே சொல்லை இலக்கியமாக்கி மேடையில் படித்தேன். அனுப்புகிறவனின் கண் என்று அமெரிக்கர்களைக் குறை சொன்ன எனக்கு வரவேற்கிறவனின் கண். இரண்டுமே கரையில் நிற்கும் கண்கள்.

“சரி, உனக்கு அதில் எது பிடித்தது?” என்று இன்னொரு நாள் கேட்டேன். தயங்காமல் சொன்னான்: “கப்பல்.”

கப்பல் ஆட்களை எண்ணிக்கொண்டே இருப்பதை அவன் கவனித்திருக்கிறான். எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விடாமல் கணக்கு வைக்கிறது. முகாமிலும் அதிகாரிகள் வந்து ஆள் எண்ணுவார்கள். செக்கிங் என்று சொல்கிறார்கள். அன்று வெளியூரில் இருக்கக்கூடாது. வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். “இவங்க எண்ணுறது நாங்க ஓடிப்போயிட்டமான்னு பாக்க. கப்பல் எண்ணுறது எல்லாரும் இருக்காங்களான்னு பாக்க” என்றான். கப்பலின் கதைசொல்லும் குரலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்த அவதானிப்பு இல்லை. உவமையைப் பற்றி நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

பிறகு இன்னொன்றும் சொன்னான். “தேவி செத்ததுக்கப்புறம் அந்தக் கப்பல யாரும் வீடுன்னு நெனைக்கல அண்ணா. முன்னால போறவனும் நெனைக்கல, பின்னால போறவனும் நெனைக்கல. அவங்க பொறந்தது அதுலதான. கடசில அது எரிஞ்சுபோவுது, இவங்க கடல்ல குளிக்கிறாங்க.” குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. முகாம் நல்லது என்று அவன் சொல்லவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்தவன் அதைச் சொல்ல மாட்டான். தேவி செய்த வேலையை, அந்த ஓட்டை அடைக்கும் வேலையை, யாரும் வாழ்க்கை என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அவன் குறை என்று புரிந்துகொண்டேன். தப்பாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் வைத்து ‘அரோரா’ மட்டமான நாவல் என்று நான் சொல்லவரவில்லை. ஓர் அகதி முகாமுக்குள் போய் அங்கே இப்படிக் கேள்வி எழுப்ப முடிந்த நாவல் சாதாரணமானதல்ல. மலையகத்தைப் பற்றியும் முகாமைப் பற்றியும் நம் மொழியில் எழுத்து இல்லாமல் இல்லை. ஆனால் அதையெல்லாம் சோகம் என்ற ஒரே அடுக்கில் வைத்துவிட்டு நகர்கிறோம். பிறப்புக்குக் கணக்கு, இருப்புக்குக் கணக்கு, கிளம்பியவன் வேறு சேர்ந்தவன் வேறு என்ற இந்த விசித்திரமான நிலையை எழுத விஞ்ஞானக் கதையின் உருவம்தான் பொருந்தும் என்று எனக்கு இப்போது படுகிறது. நாம் முகம் சுளித்து ஒதுக்கிய உருவம். அதை எழுதப்போகிறவன் என்னைப் போல் கரையில் நிற்பவனாக இருக்க முடியாது.

கல்விக்கடன் கிடைக்கவில்லை. அவன் வேறு வகையில் பணம் புரட்டி, பகுதிநேரம் பெயிண்ட் வேலை பார்த்துக்கொண்டு, படிப்பை முடித்துவிட்டான். புத்தகம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. அரியலூர் நண்பர் பாஸ்பரஸ் வரும் பக்கங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.